தோக்கியோவுக்குத் தைத்த கோட்டு

ஏழாங்கட்டைத் தோட்டம்,
சுங்கைப் பட்டாணி.
14-8-2603
(இது ஜப்பான்காரன் வருஷம். நமக்கு ஆடிக் கடைசி.)

மதிப்பிற்குரிய குழந்தைவேலு அண்ணனுக்கு, அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் உங்களோடு ஒரே மேசையில் மருந்து கலந்த பரஞ்சோதி வணங்கி எழுதுவது.

நான் சுகம். நீங்கள் சயாம் ரயில் பாதை முகாமில் ஆஸ்பத்திரிக் கொட்டகையைப் பார்த்துக்கொள்வதாக, ரயிலில் கரி தள்ளும் முருகையா சொன்னார். போன வாரம் யான் ஊருக்குப் போய் உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். குணவதி அண்ணியும் பிள்ளைகளும் நலம். அரிசிக்குப் பாதி, மரவள்ளிக்குப் பாதி என்று சமாளிக்கிறார்கள். இங்கே காய்ச்சல் மருந்து கொய்னா தீர்ந்து நாலு மாதமாகிறது. காய்ச்சலுக்குப் பப்பாளி இலையைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, அதை மருந்து என்று புத்தகத்தில் எழுதுகிறேன்.

அண்ணனிடம் ஒரு வேலை கேட்கவே எழுதுகிறேன். அங்கே மனோகரன் என்ற பையனைத் தேடிப்பிடித்து ஊருக்கு ரயிலேற்றவேண்டும். எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் மருதம்மாளின் ஒரே மகன். தகப்பன் இல்லை. வயது பத்தொன்பது. அவன் அங்கே எப்படி வந்தான் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். படித்ததும் கடிதத்தை எரித்துவிடுங்கள்.

மாசி மாதம் பட்டணத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இங்கிலீஷ் பள்ளியில் படித்த பையன்களைப் பொறுக்கி, தோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்போவதாக அதில் இருந்தது. மாணவர் பரிமாற்றம் என்று அதற்குப் பெயர். பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் போகவேண்டும். துப்பாக்கியோடு வந்து இறங்கியவர்களை மாணவர் கணக்கில் சேர்த்தாலொழிய அந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை. எங்கள் வட்டாரத்துக்கு ஓர் இடம். பள்ளிச் சான்றிதழ் வேண்டும், ஜப்பான் மொழி தெரியவேண்டும், உடம்பில் நோயில்லை என்று தோட்டத்து டிரசர், அதாவது மருந்தறையைப் பார்த்துக்கொள்ளும் நான், எழுதித் தரவேண்டும்.

எங்கள் தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணி வால்டரை நீங்கள் பார்த்ததில்லை. வெள்ளைக்காரத் துரை இருந்தபோது அவர் நாய்க்கு ரொட்டி வாங்க இவரே சைக்கிளில் பட்டணம் போவார். துரை ஓடிய மறுநாள் அதே சைக்கிளில் ஜப்பான் கொடி கட்டினார். அவருடைய மகன் எர்னஸ்ட் நல்ல பையன்தான். ஆனால் ஜப்பான் மொழியில் எண்ணச் சொன்னால் ஏழில் நின்றுவிடுவான். மனோகரன் நூறுவரை மூச்சுவிடாமல் எண்ணுவான், கடிதமும் எழுதுவான். எர்னஸ்டுக்கு அந்த ஏழுவரை சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். இடம் யாருக்கு என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், வால்டருக்கும் தெரியும்.

இருந்தும் அவர் வீட்டில் பயண ஏற்பாடு தொடங்கிவிட்டது. தினமும் காலையில் ஜப்பான் அரண்மனை இருக்கும் திசை பார்த்துக் குனியவேண்டும் என்று சட்டம் போட்டார். அந்தத் திசையில் அவர்கள் வீட்டுக் கோழிக்கூடு இருக்கிறது. மாதா படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடும்பமே கோழிகளை வணங்கியது. தோக்கியோவில் குளிருமாம், கோட்டு வேண்டுமாம். கம்பளிக்கு எங்கே போவது? துரைமார் கிளப்பில் கிடந்த பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சைத் துணியை உரித்துத் தைக்கக் கொடுத்தார். பந்து வைக்க மேசையில் போட்டிருந்த வெள்ளைக்கோடு இப்போது முதுகில் குறுக்கே போகிறது. அதைப் போட்டு எர்னஸ்டை ஸ்டூடியோவில் படம் எடுத்தார்கள். பின்னால் ஜப்பான் மலை வரையச் சொன்னாராம். வரைந்தவன் அந்த மலையைக் கண்டானா? நம் ஜெராய் மலையை வரைந்து உச்சியில் வெள்ளை அடித்துவிட்டான்.

சிரிப்பு இதோடு முடிந்தது, அண்ணே.

சித்திரையில் ஒருநாள் வால்டர் மருந்தறைக்கு வந்தார். கையில் சயாமுக்கு ஆள் எடுக்கும் பட்டியல். "டிரசரே, உங்க தம்பி தர்மலிங்கம் பேரு மூணாவதா இருக்கு பாத்தீங்களா? பயப்படாதீங்க, பென்சில்லதான் எழுதியிருக்கேன் லா" என்றார். பிறகு மனோகரனின் மருத்துவப் படிவத்தை மேசையில் வைத்தார். "அந்தப் பையன் வயித்துல காய்ச்சல் கட்டி இருக்குமே. சின்ன வயசுலேர்ந்து லயத்துல கிடந்தவன். நல்லா அமுக்கிப் பாருங்க" என்றார்.

நான் அமுக்கிப் பார்த்தேன். மண்ணீரல் இருக்கவேண்டிய அளவில் இருந்தது. மூன்று விரல் வீக்கம், படிப்புக்கு அனுப்பத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனோகரன் சட்டையை மாட்டிக்கொண்டு, "சரி அண்ணே, மருந்து இருந்தா குடுங்க" என்றான். பப்பாளித் தண்ணீரைக் கொடுத்தேன். என் முன்னாலேயே குடித்தான்.

வைகாசியில் லாரி வந்தது. தர்மலிங்கத்தின் பெயர் அழிந்திருந்தது. அழித்த இடத்தில் மனோகரன் பெயர், மையில் எழுதியிருந்தது. வயிற்றில் கட்டி உள்ளவனை எப்படி ரயில் வேலைக்கு அனுப்பலாம் என்று கேட்டேன். வால்டர் நிதானமாகச் சொன்னார்: "அது படிப்புக்குத்தான் டிரசர். மண்ணு வெட்ட யாரும் சீட்டு கேக்கல." கேட்டுவிட்டு நான் மருந்தறைக்குத் திரும்பினேன். லாரியை மறிக்கவில்லை. கிராணியைப் பற்றி இவ்வளவு எழுதிய கை அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தது.

மருதம்மாள் தினமும் பாலை எடைக்குப் போட்டுவிட்டு மருந்தறை வாசலுக்கு வருகிறாள். என்னைத் திட்டினால் தேவலை. "ஐயா, எம்புள்ள வயித்துல கட்டின்னு எழுதுனீங்களாமே. போற எடத்துல அது பெருசாயிடுமா? மருந்து ஏதும் குடுத்து விட்டீங்களா?" என்று கேட்கிறாள். தோட்டத்தில் என் சீட்டை முழுதாக நம்பியது அவள் ஒருத்திதான். மருந்து கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த மாதம் கதை திரும்பியது. எர்னஸ்ட் சியோனான் என்று பேர் மாற்றிய சிங்கப்பூருக்குப் போய்க் கப்பலேறத் தேதி குறித்தாகிவிட்டது. விருந்துக்கு வால்டர் ஆட்டுக்குச் சொல்லியிருந்தார். அதற்குள் பினாங்கிலிருந்து வந்த மீன் லாரிக்காரன், ஜப்பான் போன கப்பல் ஒன்றை நடுக்கடலில் குண்டு வைத்து அமிழ்த்திவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். உண்மையோ பொய்யோ, அன்று சாயங்காலமே வால்டர் மகனைக் கையைப் பிடித்து என்னிடம் இழுத்துவந்தார். பையனுக்குக் குளிர் காய்ச்சலாம், கட்டி தட்டுப்படுகிறதாம். எர்னஸ்ட் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணே" என்றான். வால்டர் அவன் வாயை அடைத்தார்.

இடத்தைக் காலியாக விட்டால் ஜப்பான் அதிகாரி சும்மா இருப்பாரா, யாரை அனுப்புவீர்கள் என்று கேட்டேன். அந்த மனிதர் யோசிக்கக்கூட இல்லை. "நம்ப மனோகரன் இருக்கானே. கெட்டிக்காரன் லா. நான் அப்பவே சொல்லல?" என்றார். பையன் பக்கத்து லயத்தில் உட்கார்ந்திருப்பதுபோலச் சொன்னார். நான் இருபது வருஷ வேலையில் எத்தனையோ புண்ணைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆனாலும் அந்த வாயிலிருந்து வந்ததைப் பிடித்துக்கொண்டேன். மனோகரனைத் திருப்பி அழைக்கும் உத்தரவு என் மேசைக்கு வந்தபிறகே எர்னஸ்டின் படிவத்தில் கையெழுத்து என்றேன். வால்டர் மறுநாளே பட்டணம் போனார். மருதம்மாள் மூன்று மாதம் அலைந்தும் கிடைக்காத சிவப்பு முத்திரையை மத்தியானச் சோற்றுக்குள் வாங்கிவந்துவிட்டார். அதற்காக நான் இரண்டு சீட்டு எழுதினேன். எர்னஸ்டுக்கு வீக்கம். மனோகரனுக்கு வீக்கம் வடிந்துவிட்டது, பிரயாணத்துக்குத் தகுதி. மூன்று மாதமாகக் கண்ணால் காணாத வயிற்றைத் தொட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறேன்.

உத்தரவு முருகையாவின் கையில் இருக்கிறது. ஜப்பான் எழுத்தில் மாணவன் மனோகரன் என்று போட்டிருக்கிறதாம். அதை முகாம் அலுவலகத்தில் காட்டுங்கள். பையன் மாநிறம், ஒல்லி. இடது புருவத்தில் பால்கோப்பைக் கம்பி கிழித்த தழும்பு. உருமாறியிருந்தால் ஜப்பான் மொழியில் எண்ணச் சொல்லுங்கள். ஏழில் நிற்காமல் போனால் அவன்தான்.

கப்பல் ஏறுவதைப் பற்றி இப்போது கவலைப்படவேண்டாம். முதலில் வீடு வந்து சேரட்டும். ஏறுவதா வேண்டாமா என்று அவனும் தாயும் சொல்லட்டும். வேண்டாம் என்றால் என்னிடம் இன்னும் படிவங்கள் இருக்கின்றன.

மறுநாள் காலை.

முருகையாவின் வண்டி நேற்று கிளம்பவில்லை. அதனால் இன்னும் நாலு வரி.

விடியும்போது வால்டரின் மனைவி அகத்தா அம்மாள் பின்வாசலில் வந்து நின்றார். கையில் அந்தப் பச்சைக் கோட்டு. கணவருக்குத் தெரியாது என்றார். "குளிருக்குன்னு தச்சது டிரசர். எம்மகன் போகல. அந்தப் புள்ளைக்கு அங்க குளிருமா?" என்று கேட்டார். காய்ச்சல் வந்தால் குளிரும் என்றேன். என்னிடம் ஊசி நூல் வாங்கி உள்துணியைப் பிரித்தார். இந்தக் கடிதத்தை அதற்குள் வைத்துத் தைத்துத் தரக் காத்திருக்கிறார். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.

நான் பொய்யாக எழுதிய மூன்று விரல் வீக்கம் இதற்குள் அங்கே மெய்யாகியிருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குளிர் ஏறும்போது அவனுக்கு இந்தக் கோட்டைப் போர்த்துங்கள். நல்ல கம்பளி, கனமாக இருக்கும். உங்களிடம் கொய்னா ஒரு துளி இருந்தாலும் அவன் பங்கைக் கொடுங்கள்.

முருகையா பத்து நாளில் திரும்பி வருவாராம். அன்று நான் மருதம்மாளை அழைத்துக்கொண்டு சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனில் நிற்பேன். அவன் வரமுடியாமல் படுத்திருந்தால், இருக்கிறான் என்று ஒரு சொல் போதும். அவனில்லாமல் கோட்டை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அண்ணே.

உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் காக்கட்டும்.

தங்கள் அன்புக்குக் கடன்பட்ட,
பரஞ்சோதி