சணப்பு பூத்த தோட்டம்

அன்னூர்,
ஞாயிறு காலை.

போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர்ப் பக்கம் அலையும் என் வீட்டுக்காரருக்கு லோகப்பிரியா அன்போடு எழுதுவது. இங்கே உங்கப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நீங்கள் நிற்கும் இடத்தில் போனுக்கு டவர் கிடைப்பதில்லை என்றார்கள். அதனால் உங்கள் வண்டிக்கு வேலைக்கு வரும் நரசிம்மலு அண்ணனிடம் இதையும் பருப்புப்பொடியையும் கொடுத்தனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

திட்டு வாங்கப்போகும் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த முறை நான் வாழை வைக்கவில்லை. மூட்டை மூட்டையாக உரம் போட்டும் போன வாழை மஞ்சளாகவே நின்றது. "எனக்கு விவசாயம் வராது லோகு" என்று சொல்லிவிட்டு நீங்கள் கிளம்பியதை நினைத்து எனக்கு மனசு ஆறவில்லை. மண்ணை எடுத்துப்போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்து தேவைக்கு மேல் கிடக்கிறதாம். இலைதழை மக்கிச் சேரும் சத்துதான் அடியோடு இல்லையாம். அது இல்லாத மண்ணில் எதைக் கொட்டினாலும் நிற்காது என்றார்கள். அதனால், பூக்கும்போது மடக்கி உழுது தழையுரமாக்குவதற்காகத் தோட்டம் முழுக்கச் சணப்பு விதைத்துவிட்டேன்.

உங்கப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "ஒரு போகத்த உட்டுப்போட்டு மண்ணுக்குத் தீனி போடறயா அம்மணி? ஊரே சிரிக்குது" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சே இல்லை. நான் சோறு போட்டால்கூட, உப்பு வேண்டுமென்று அத்தையிடம்தான் கேட்பார்.

சணப்பு ஆள் உயரம் வளர்ந்தது. பூ எடுக்கும்போது மடக்கி உழ வேண்டும். டிராக்டர் வந்த அன்று உங்கப்பா வரப்பில் வந்து நின்றார். "மாட்டுக்காச்சும் அறுத்துக்கலாமல்ல?" என்று என்னை விட்டுவிட்டு டிராக்டர்காரரைப் பார்த்துக் கேட்டார். "மாட்டுக்குச் சோளத்தட்டு இருக்குதுங்க மாமா. இது மண்ணுக்குங்க" என்றேன். அவர் தடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவு மஞ்சள் பூவும் மண்ணுக்குள் போகும்வரை நான் வரப்பிலேயே நின்றேன்.

போன வாரம் நல்ல மழை. முன்பெல்லாம் நம் தோட்டத்துத் தண்ணீர் ரோட்டுக்குத்தானே ஓடும்? குடையோடு பார்க்கப்போன உங்கப்பா அங்கிருந்தே சத்தம் போட்டார். "ஏனம்மணி, இங்க வா! தண்ணி பூராக் குடிச்சுப்போட்டுதே இந்த மண்ணு!" அத்தனை நாளைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டாரே என்று ஓடியதில் சேற்றில் வழுக்கி விழுந்தேன். மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரே மழையில் எல்லாம் சரியாகவில்லைங்க. மேற்கு மூலை இன்னும் கல்லாட்டம்தான். உரமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. மண் கேட்கும் அளவுக்கு, பிரித்துப் பிரித்துப் போடலாம். வருஷம் ஒருமுறை தழை மடக்க வேண்டும். பொறுமை வேண்டும்.

நேற்று வாழைக்குக் குழி எடுக்க ஆள் சொல்லப் போனேன். உங்கப்பா வேண்டாம் என்றார். "எம்பையன் நிதீஷ் வரட்டும்" என்றார். வெகுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பசித்துக் கிடந்தது மண்தானுங்க. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

உங்கள் கம்பெனி லாரி ஒன்று சர்வீசுக்கு ஊர்ப்பக்கம் வருகிறதாம். அதில் பதில் எழுதி அனுப்ப வேண்டாம். நீங்களே ஏறி வந்துவிடுங்கள்.

உங்கள்
லோகு