துட்டி வீட்டில் போட்ட சொட்டு மருந்து

மாமா,

சோறு குக்கரில் இருக்கிறது, புளிக்குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சீனியம்மா மதினி பதினொரு மணி பஸ்ஸில் வருகிறார்கள். உங்கள் அக்காவை நீங்களே போய்க் கூட்டி வாருங்கள். சாவி மீட்டர் பெட்டி மேல்.

நேற்று டாக்டர் சொன்னதை உங்களிடம் சொல்லவில்லை. லேசர் ஆபரேஷன் செய்து கண்ணாடியைக் கழற்றி ஒன்றரை வருஷமாகிறது. இந்தக் கண் வறட்சி இனி போகாதாம். ஆபரேஷனுக்கு முன்னால், "கண்ணு உறுத்துமாம்மா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். உறுத்தும் என்றிருந்தால் ஆபரேஷனே செய்திருக்க மாட்டார்களாம். பனியன் கம்பெனிப் பஞ்சில் எல்லாருக்கும்தான் உறுத்துகிறது, அதை யார் நோய் என்பார்கள்? இப்போது துணியில் ஓட்டை தெரியாமல் பாஸ் பண்ணிவிடுகிறேன். இனி செக்கிங் வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மடிக்கிற வேலையாவது கேட்கப் போகிறேன்.

அத்தை செத்து துட்டிக்கு எல்லாரும் கூடிய அன்று எனக்குக் கண்ணீர் வரவில்லை. எரிச்சல் தாங்காமல் பந்தலுக்குப் பின்னால் சொட்டு மருந்து போட்டேன். மதினி பார்த்துவிட்டு, "மாமியா சாவுக்குக் கண்ணீரப் பாட்டில்ல கொண்டாந்திருக்கா பாரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள். தினமும் நாலு வேளை அந்த மருந்தை என் கண்ணில் விடுகிறவர் நீங்கள். நீங்களும் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

ராணி

மதினி டீயில் சர்க்கரை போட்டுவிடாதீர்கள், அவர்களுக்கு ஆகாது.

மருந்தை எடுத்துப் போகிறேன், தேட வேண்டாம். இனி நானே விட்டுக்கொள்கிறேன். இமை மூடிக்கொண்டு பாதி கன்னத்தில்தான் வழியும். வழியட்டும். பார்க்கிறவர்கள் அழுகிறாள் என்றாவது நினைக்கட்டும்.