நாற்பத்திரண்டாம் வருஷத்து ஆஜர் பட்டி

18-1-97, சனி

காலையில் நல்ல பனி. மூக்கடைப்பு. கொடியில் போட்ட புடவை மதியம் வரை காயவில்லை.

வேலைகள்: பத்தாம் வகுப்பு டெஸ்ட் பேப்பர், நாற்பது பாக்கி. இட்லி மாவு. வீடியோப் போட்டிக்குத் தலைப்பு.

கடைசிதான் தலைவலி. பள்ளிகளுக்கான போட்டி, 'நம் பகுதியின் வரலாறு', பத்து நிமிஷம். பிப்ரவரி 1 மதியத்துக்குள் கேசட்டை அடையாறில் கொடுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஐந்து பேர், மேய்க்க நான். கோவில் தேரை எடுக்கலாம் என்றார்கள். மயிலாப்பூரில் எல்லாப் பள்ளியும் அதைத்தான் எடுக்கும் என்றேன். ஐந்து முகமும் தொங்கிப்போயின.

ஐவரில் ஒருத்தி செல்வி, நாற்காலி எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனவள், ஒரு பழைய அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரோடு வந்தாள். 1942, ஃபர்ஸ்ட் ஃபாரம், இப்போதைய ஆறாம் வகுப்பு. ஜனவரியில் வரிசையாக வருகைக் கோடுகள். மார்ச்சில் பாதிப் பக்கம் சிவப்பு மை. ஏப்ரலில் பெயர்கள் மட்டும். இருபத்திரண்டு பெயர், ஒரு கோடு கூட இல்லை.

"இன்னா டீச்சர், ஒருத்தி கூடவா வரல? எல்லாருக்கும் அம்மையா?" என்றாள்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராஸே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிய கதையைச் சொன்னேன். பாடப் புத்தகத்தில் இல்லாத சங்கதி. ஐந்தும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டன. பதினாறு வருஷமாகச் சரித்திரம் நடத்துகிறேன், இப்படி ஒரு அமைதியைப் பார்த்ததில்லை. தலைப்பு கிடைத்தாயிற்று.

20-1, திங்கள்

ஹெச்.எம். அறை. போர்ஷன் முடிக்காமல் சினிமா எடுக்கிறீர்களா என்றார். ரிஜிஸ்டர் பள்ளி ஆவணம், ஒரு கீறல் விழக் கூடாது என்றார். இது சொதப்பினால் இனி இந்த மாதிரி எதற்கும் என்னிடம் வராதீர்கள் என்றார். மூன்றுக்கும் தலையாட்டினேன். வெளியே வந்ததும் கோபம் வந்தது. எனக்கு எப்போதுமே கோபம் லேட்டாகத்தான் வரும்.

நல்ல சேதி: ரிஜிஸ்டரில் கடைசிப் பெயர் விசாலாட்சி. ஐவரில் இன்னொருத்தி நந்தினி; அவள் அம்மா நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போகும் விசாலம் மாமி அவராம்! நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார். வயது அறுபத்தாறு. டி.வி.யில் மேட்ச் நடக்கும்போது யாரும் வரக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

25-1, சனி

வெயில். மேட்ச் இல்லாத நாள்.

கேமராவுக்கு பாபு. ராயப்பேட்டையில் கல்யாண வீடியோ எடுப்பவர், செல்வி வீட்டுக்குத் தெரிந்தவர். பழக்க தோஷம், மாமியைக் கன்னத்தில் கை வைக்கச் சொன்னார். ஜன்னல் பக்கம் மெதுவாகத் திரும்பிச் சிரிக்கச் சொன்னார். மாமி, "ஏம்ப்பா, நேக்கு மாப்பிள்ளை பாக்கறயா?" என்றார். பெண்கள் சிரித்து அடங்கப் பத்து நிமிஷம்.

அப்புறம் மாமி பேசினார். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று அப்பா சொன்னாராம். எழும்பூரில் இவரை ரயிலுக்குள் ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டார்களாம். மாயவரம் பக்கம் பெரியப்பா வீடு. திரும்பி வர ஒன்றரை வருஷம். வயது பதிமூன்றரை. படித்தது போதும் என்றுவிட்டார்கள். வகுப்பில் முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்தவர்.

"கார்த்தால பத்தடிச்சா போதும், அங்க என் பேரைக் கூப்பிட்டுண்டிருப்பான்னு தோணும். யாரு பதில் சொல்லுவா? அதுதான் நேக்குக் கவலை."

இதைத் தன் பிள்ளைகளிடம் கூடச் சொன்னதில்லையாம். பத்திரமாக வைத்திருப்போம் மாமி என்று வாக்குக் கொடுத்தேன்.

27-1, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

பாபுவின் கடையில் கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். மாமி வாயசைக்கிறார். சத்தம் இல்லை. டி.வி.யில்தான் கோளாறு என்று அதன் தலையில் தட்டினேன். கோளாறு டி.வி.யில் இல்லை. நாற்பது நிமிஷமும் ஊமை.

பாபு மைக்கை ஆன் செய்யவே இல்லை. கல்யாணத்தில் செய்வதே கிடையாதாம். "கல்யாண கேசட்ல பேச்ச யாரு மேடம் கேக்குறாங்க? மேல பாட்டு ஏத்திடுவோம்." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. முகம் வெளிறி, இலவசமாகத் திரும்ப எடுத்துத் தருகிறேன் என்றார். கத்தினேன். ரொம்பவே கத்தினேன். அப்புறம் பார்த்தால் நானும்தானே பக்கத்தில் நின்றேன், ஒரு தடவை சரிபார்த்தேனா?

இன்னும் ஐந்து நாள். ஹெச்.எம்.மிடம் சொல்லவில்லை.

28-1, செவ்வாய்

பள்ளி விட்டதும் செல்வியைக் கூட்டிக்கொண்டு வி. மாமி வீடு. காபி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அதெல்லாம் ஒரு தடவைதான் வரும். மறுபடி சொன்னா ஒப்பிக்கற மாதிரி இருக்கும். வேண்டாம், விட்டுடுங்கோ."

நான் எழுந்துவிட்டேன். செல்வி எழவில்லை. என்னைக் கேட்காமல், யோசிக்காமல் சொன்னாள்: "நீங்க ஒண்ணியும் சொல்ல வேணாம் மாமி. எங்க கிளாசுக்கு வந்து குந்துங்க, போதும். நான் பேர் கூப்புடுறேன்."

மாமி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம். திரும்பி வந்து, "வியாழக்கிழமை மேட்ச் இருக்கா?" என்றார்.

பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். இல்லை. அப்பாடா.

29-1, புதன்

டெஸ்ட் பேப்பர் முடிந்தது. 'ஔரங்கசீப் மிகவும் எளிமையானவர், ஆனால் கோபக்காரர்': இதற்கு அரை மார்க் போட்டேன். பாபு மூன்று முறை போன் செய்து, புது பேட்டரி வாங்கிவிட்டதாகச் சொன்னார். மூன்று முறையும் அதே பேட்டரி.

30-1, வியாழன்

முதலில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மூன்றரை மணி. 9-பி காலி. வி. மாமி மாம்பழக் கலர் பட்டுப் புடவையில் வந்தார். அடுத்த வீட்டுக்குப் போவதற்குக் கூட இதைக் கட்டமாட்டாராம், நந்தினி என் காதில் ஓதினாள். மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். அந்த இடத்தை யாரும் காட்டவில்லை. ரிஜிஸ்டரைப் பார்த்ததும், "ஆஜர் பட்டி" என்றார். அவர் காலத்துப் பெயராம்.

செல்வி மேஜை முன்னால். ஏப்ரல் பக்கம். மடியில் மைக்கை வைத்துக்கொண்டு நந்தினி மாமியின் பக்கத்தில்.

"அலமேலு."

செல்வி ஐந்து எண்ணிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும், அப்படித்தான் பேச்சு. நான்கு எண்ணியிருப்பாள்.

"வரலை" என்றார் மாமி. பக்கத்துப் பெண் வராவிட்டால் வகுப்பில் மற்றவள் சொல்வாளே, அந்தக் குரலில். "கும்மோணம் போயிட்டா. அங்கேயே வாக்கப்பட்டுட்டா."

செல்வி என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன்.

"கமலா."

"வரலை. ஆனா திரும்பி வந்து படிச்சா. நர்ஸா இருந்தா. போன வருஷம் போயிட்டா."

"மேரி."

"அவ ஊரை விட்டே போகலை. ஸ்கூலைத்தான் மூடிட்டா. பாவம், தினம் வாசக்கதவு வரைக்கும் வந்து பாத்துட்டுப் போவாளாம்."

"பங்கஜம்."

"தெரியலை. அப்புறம் நான் பாக்கவே இல்லை."

இப்படியே இருபத்தோரு பேர். மாயவரம், சேலம், திருநெல்வேலி, ஒருத்தி ரங்கூனிலிருந்து குடும்பத்தோடு நடந்தே வந்து சேர்ந்தவள், இங்கிருந்தும் ஓடினாள். சனிக்கிழமை சொன்னது ஒன்றுகூட இதில் இல்லை. இது வேறு. இது வகுப்பு முழுக்க. மாமி ஒப்பிக்கவே இல்லை. நாங்கள் யாரும் கேள்வியும் கேட்கவில்லை.

செல்வியின் குரல் கடைசிப் பெயரில் கொஞ்சம் இறங்கியது.

"விசாலாட்சி."

ஐந்து எண்ணினேன். பத்து எண்ணினேன். கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன். அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு எழுந்தார். நேராக நின்று புடவைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"ஆஜர் டீச்சர்."

ஒன்பதாம் வகுப்புக்காரியைப் பார்த்து, டீச்சர் என்று.

நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அழுதுகொண்டே முதலில் பாபுவைத்தான் பார்த்தேன். காதில் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"கீது மேடம்" என்றார். "சவுண்டு கீது."

1-2-97, சனி

நேற்று முழுக்க எடிட்டிங். கல்யாண கேசட்டில் வரும் பறக்கும் இதயம் இல்லை, பாட்டும் இல்லை. வேண்டாம் என்று பாபுவே சொல்லிவிட்டார். 11.40க்கு அடையாறில் கேசட்டைக் கொடுத்தாயிற்று.

திரும்பி வந்து, அலமாரியில் வைக்கும் முன் ரிஜிஸ்டரை ஒரு தடவை பிரித்தேன். ஏப்ரல் பக்கம். கடைசிப் பெயருக்கு நேராகப் பென்சிலில் சின்னதாக ஒரு வருகைக் கோடு. யார் வேலை என்று தெரியும். ஹெச்.எம். பார்த்தால் தொலைந்தேன்.

ரப்பர் மேஜை மேலேயே இருந்தது. அலமாரியைப் பூட்டிவிட்டு வந்தேன்.