தேன் பூசிய கண்ணாடி

ஏதென்ஸ், ஆகஸ்ட் 1869

அன்பு மனைவி எவாந்தியா,

நீயும் அம்மாவும் நலம்தானே? அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம். படமெடுக்கும் மருந்தில் கைகள் மட்டும் கறுத்துவிட்டன.

நேற்று சூனியோன் கோயிலில் ஜெயித்துவிட்டேன். எட்டு வருடம் என் படங்களைத் தன் பெயரில் விற்ற லெயாண்ட்ரோஸும் வந்திருந்தான். எங்களுக்குள் போட்டி: நல்ல படம் எடுப்பவருக்கே தொல்பொருள் சங்கத்தின் வேலை. மருந்து பூசிய கண்ணாடி காய்ந்தால் படம் விழாது, அங்கேயோ அனல்காற்று. ஈரம் போகாதிருக்க நீ அனுப்பிய தேனை மேலே பூசினேன்.

“என்னய்யா தெமெலிஸ், கண்ணாடிக்குப் பலகாரம் ஊட்டுறியா?” என்று சிரித்தான்.

அவன் கண்ணாடிகள் எல்லாம் காய்ந்து வீணாயின. என்னுடையது தயார். தூணின் உயரம் தெரிய ஓர் ஆள் நிற்க வேண்டுமே! சங்கச் செயலாளர் திரும்பிப் பார்த்தார்.

“சும்மாதானே இருக்கீங்க லெயாண்ட்ரோஸ், போய் நில்லுங்க. அசையாதீங்க.”

நின்றான்.

இன்னொரு ஜாடி தேன் அனுப்பு. உன் தலையணை உறை ஒன்றும் வேண்டும், துவைக்க வேண்டாம். தபால் கப்பலுக்கு நேரமாகிவிட்டது. படத்தின் பிரதி இதனுடன் வருகிறது. படத்தின் கீழே இருப்பது என் பெயர். தூணடியில் எறும்பு போலத் தெரிபவன் அவன்.

உன்
தெமெலிஸ்