தலை முதலா, கால் முதலா

இன்று நெல்லியடியில் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்குப் போனேன். மகன் ஓடுகிறான், போய்ப் பாருங்கள் என்று மனைவி பிடித்துத் தள்ளினாள். உயரம் பாயும் இடத்தில் ஒருவன் தலையை முன்னே நீட்டி, குறுக்குத் தடிக்கு மேலால் போய் மணலில் விழுந்தான். பிழை என்று சிவப்புக் கொடி எழும்பும் எனப் பார்த்தால் வெள்ளைக் கொடி எழும்புகிறது! பக்கத்தில் நின்ற வாத்தியாரைக் கேட்டேன்.

"இப்ப தலை முதல் போனாலும் பிழையில்லை. சட்டம் மாறிக் கன வருசமாச்சு" என்றார்.

அப்படியே வாசலை நோக்கி நடந்தேன். மகன் ஓடியதைப் பாராமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ இன்று உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மச்சான்.

நம் காலத்தில் கால்தான் முதலில் தடியைக் கடக்க வேண்டும். எல்லோரும் கத்தரிக்கோல் விரிவது போலக் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுப் பாய்ந்தார்கள். உனக்கு அது போதவில்லை. ஆங்கிலப் பத்திரிகையில் வந்த படம் ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு, உடம்பைத் தடிக்கு மேலே படுக்கப் போட்டு உருளப் பழகினாய். கரவெட்டியில் உங்கள் வெங்காயத் தோட்டத்துக்குப் பின்னால் இரண்டு பூவரசங் கம்பு, வல்லிபுரத்திலிருந்து வண்டிலில் வந்த மணல். உருண்டால் உயரம் கூடும். கொஞ்சம் பிசகினாலோ தலை முந்திவிடும். பாய்கிறவனுக்கு அது தெரியாது. அதற்குத்தான் என்னைப் பக்கத்தில் நிறுத்தினாய்.

"என்ரை தலையை நான் எப்பிடிப் பாக்கிறது? நீ பாத்துச் சொல்லு."

முதல் கிழமை கண்டதைச் சொன்னேன். தலைதான் முதல் என்றேன். நீ மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினாய்.

"உனக்கு எரிச்சலடா. உன்னாலை நாலடி பாயேலாது, அதுதான்."

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் நானாகவே வந்தேன், வெட்கங்கெட்டவன். அன்றும் தலைதான் முந்தியது. "கால்" என்றேன். உன் முகம் மலர்ந்தது. அடுத்த நாளும் "கால்" என்றேன். பிறகு அது வாய்க்குப் பழகிவிட்டது. தடி தாழ்வாக இருக்கும்போது கால் முந்திய நாட்களும் உண்டு. ஐந்தடிக்கு மேல் ஏறினால் ஒரு நாளும் இல்லை.

அந்த வருசப் போட்டிக்குக் கொழும்பிலிருந்து ஒரு துரை வந்திருந்தார். உயரம் பாய்ந்து வெல்பவனுக்குத் தன் கந்தோரில் வேலை என்று சொல்லியிருந்தார். உன் வீடு முழுவதும் அந்த வேலையை நம்பியிருந்தது. கடைசியில் நீயும் மானிப்பாய்ப் பையன் ஒருவனும் மிஞ்சினீர்கள். அதுவரை எல்லோரையும் போலப் பாய்ந்து வந்த நீ, ஐந்தடி மூன்று அங்குலத்துக்குத் தடி ஏறியதும் உருண்டாய். தடி அசையவே இல்லை. சனம் கத்தியது. சிவப்புக் கொடி எழும்பியது.

நீ நடுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். இன்னும் இரண்டு தடவை இருந்தது. பழைய பாய்ச்சலையே பாய் என்று ஒரு சைகை காட்டியிருந்தால் போதும். நான் பாவி, "கால்தான்" என்று வாயசைத்தேன்.

"உந்தாளுக்குக் கண் தெரியேல்லை" என்று நடுவரைக் காட்டிச் சொல்லிவிட்டு மறுபடியும் உருண்டாய். மறுபடியும். மூன்று தடவையும் சிவப்பு. மானிப்பாய்ப் பையன் சாதாரணமாகக் காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டினான். கொழும்புக்கு அவன் போனான்.

நீ வன்னிக்குப் போனாய், குளம் கட்டும் இடத்தில் வேலைக்கு. இரண்டாவது மாரியில் காய்ச்சல் உன்னைக் கொண்டு போய்விட்டது. "காய்ச்சலுக்கு நீங்கள் என்ன செய்வியள்?" என்கிறாள் மனைவி. நீ தோற்ற கதை மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. உண்மை சொன்னவனை மூன்று நாள் ஒதுக்கி வைத்தாய். பொய் சொன்னவனைத் தோளில் கைபோட்டுக் கூட்டித் திரிந்தாய். இதை நினைத்து நினைத்துக் கோபத்தை வளர்க்கப் பார்க்கிறேன். அது நிலைக்கிறதில்லை. போட்டி முடிந்த அன்று பின்னேரம் வீட்டுக்கு நடந்து வரும்போது நீ கேட்டாய்.

"தலை முந்தினதை உண்மையா நீ காணேல்லையோ?"

"காணேல்லை."

 நீ என் முதுகில் தட்டினாய்.

"சரி, விடு. ஒவ்வொரு நாளும் எனக்காக வெய்யிலுக்கை நிண்டனீ. கண் களைச்சிருக்கும்."

களைக்கேல்லை, மச்சான். கண்டனான். ஒவ்வொரு நாளும் நான் கண்டனான்.