குட்டியின் தட்டு

ஜனவரி 9, வெள்ளி

என் நீலச் சட்டையின் பக்கத் தையலை இன்று பிரித்து விட்டேன். மூன்றாவது முறை. இனி உள்ளே மடித்த துணி மிச்சமில்லை. ஊரார் உடம்புக்கெல்லாம் இருபத்தைந்து வருடமாக அளவெடுத்துத் தைக்கிறேன். என் இடுப்பில் டேப்பைச் சுற்ற மட்டும் கை வருவதில்லை. முழங்கால் டாக்டர் பதினைந்து கிலோ குறைத்துவிட்டு வரச் சொல்கிறார். "வாயைக் கட்டுங்கம்மா" என்றார். கட்டாமலா இருக்கிறேன்? அவிழ்ந்து அவிழ்ந்து போகிறதே.

ஜனவரி 13, செவ்வாய்

ஹிப்னோதெரபிக்கு, அந்த மனவசிய சிகிச்சைக்குப் போகப் போகிறேன் என்று தையல் கடையில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கண்ணை மூடினா எடை குறையுமா? நான் தினமும் மத்தியானம் மூடுறேன், தொப்பைதான் வருது!"

மற்றவர்கள் சிரிப்பதற்குள் நானே சிரித்துவிட்டேன். குண்டாக இருப்பவள் முந்திக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 17, சனி

போனேன். சாய்வு நாற்காலி, ஒரு போர்வை, ஜன்னலில் சாம்பல் நிறத் திரை. திரையின் ஓரத்தைக் கோணலாக மடித்துத் தைத்திருந்தார்கள். சிகிச்சை தரும் அம்மாள் மெதுவாகப் பேசுகிறார். "வசியமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நீங்க முழிச்சுத்தான் இருப்பீங்க. வேண்டாம்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம்."

மூச்சை எண்ணச் சொன்னார். கைகால் கனத்தது. பசியில்லாமல் சாப்பிடும்போது உடம்பில் எங்கே, என்ன தெரிகிறது என்று கேட்டார். தொண்டையில் என்றேன். ஒரு அவசரம். யாரோ வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

யார் வருகிறார்கள் என்று கேட்டார்.

தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். தெரியும்.

ஜனவரி 18, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை.

ஜனவரி 24, சனி

அம்மாவின் காலடிச் சத்தம்தான் அது.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தங்கை குட்டிக்கு ஆறு. அவளுக்கு ரத்தத்தில் ஏதோ நோய். ஒரு வாய் உள்ளே இறங்காது. "நான் வர்றதுக்குள்ள தட்டு காலியாகணும்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போவாள். காலியாகாவிட்டால் அம்மா அழுவாள். குட்டிக்கு அந்த அழுகைதான் பயம். என்னைப் பார்ப்பாள். நான் அவள் தட்டை இழுத்து, மெல்லாமல் விழுங்குவேன். அம்மா வந்து காலித் தட்டைப் பார்த்துவிட்டு அவள் நெற்றியில் முத்தம் கொடுப்பாள்.

அந்த மழைக்காலத்தில் குட்டி செத்துப் போனாள்.

இதை நான் மறந்ததே இல்லை. ஆனால் தட்டையும் சாவையும் சேர்த்து வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்று சொன்னேன். நான்தான் அவ சோத்தைத் தின்னேன். நான் தின்னேன் — அவ போயிட்டா.

அந்த அம்மாள் போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டார். பிறகு, "அந்த ஒன்பது வயசுப் பொண்ணுகிட்ட இப்ப என்ன சொல்வீங்க?" என்று கேட்டார்.

ஜனவரி 31, சனி

அம்மாவிடம் சொல்லவா? எழுபத்தாறு வயது. இந்த வயதில் அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போடவா? சொல்லாவிட்டால் தின்றே சாவேன் போலிருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"கதவிடுக்குல பார்த்தேன். டாக்டர் அதுக்கு முன்னாடியே கையை விரிச்சுட்டாரு. அவளுக்கு இறங்காதுன்னு எனக்குத் தெரியாதா? அந்தத் தட்டுல வெச்சதெல்லாம் உனக்குத்தான்டி. நீயாவது தின்னட்டும்னு."

"அப்ப அவளுக்கு ஏம்மா முத்தம் கொடுத்தே?"

"என்னை ஏமாத்திட்டோம்னு அப்படி ஒரு சிரிப்பு சிரிப்பா. அதுக்குத்தான்."

என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். முப்பத்தெட்டு வருஷம்! ஒரே வீட்டில்! அம்மா பட்டாணித் தோலைக் கூட்டி அள்ளினாள். "சின்னப் பொண்ணு, நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன்."

அதன்பிறகு இரண்டு பேரும் ரொம்ப நேரம் அழுதோம்.

பிப்ரவரி 21, சனி

அந்த ஒன்பது வயதுக்காரியிடம் இன்று பேசினேன். மெதுவா சாப்பிடு, யாரும் வரலைன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. கட்டிங் மாஸ்டர் கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை.

இன்று மத்தியானம் சாப்பாடு முடியும் முன்பே வயிறு நிறைந்துவிட்டது. நிறைந்தது என்று எனக்குத் தெரிந்தது, அதுதான் புதிது. நான்கு வாய் மிச்சம் இருக்கும். தட்டைத் தள்ளி வைத்தேன்.

அம்மா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"உடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லைம்மா. போதும்."

எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்தாள். பிறகு கழுத்தில். காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. அவளாக எடுக்கும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.