இடது கண்ணில் ஒரு கட்டி

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் அண்ணியும் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "லைன்ல யாரோ கேட்கறாங்க" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். இதையும் எவனாவது பிரித்துப் படித்தால் படிக்கட்டும்.

அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. இப்போது மாடிப்படி ஏறுகிறாள். ஏறி முடித்ததும் என்னைத் திட்டுகிறாள். பழைய தெம்பு வந்துவிட்டது என்று அர்த்தம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சேனலின் பாட்டுப் போட்டியைப் பற்றி நீ போட்ட பதினொரு நிமிட வீடியோ. முகத்தைக் காட்டவில்லை, பெயரையும் போடவில்லை. கூடப் பிறந்தவனுக்குக் குரல் தெரியாதா? நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். மேடை முக்கோணமாம், தரை கறுப்பு வெள்ளைக் கட்டமாம், தொகுப்பாளர் ஒரு கண்ணை மறைத்து நிற்கிறாராம். இதெல்லாம் ரகசியக் குறியீடுகளாம். ஆகவே மேலே உட்கார்ந்து உலகத்தை ஆட்டிவைக்கும் ஏதோ ஒரு ரகசியக் கூட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் அடிமைகளாம். சிவப்பு வட்டம் வேறு போட்டிருக்கிறாய். பின்னால் பேய்ப் பட இசை.

நான் அந்த இடத்தில் எஞ்சினியர். நான் சொல்வதைக் கேள். போன வருடம் ஊத்திக்கொண்ட வினாடி வினா நிகழ்ச்சியின் ஆறு மூலை மேடையைத் தச்சர் அறுத்தார். முக்கோணம்தான் வந்தது. மிச்சத் துண்டுகள் கேன்டீன் பின்னால் மழையில் ஊறிக்கொண்டிருக்கின்றன. கட்டம் போட்ட தரை, கிடங்கில் கிடந்த பழைய விரிப்பு. ரகசியக் கூட்டம் என்கிறாயே, எங்கள் ஆட்களால் ஒரு மீட்டிங்கைக்கூடச் சொன்ன நேரத்துக்குக் கூட்ட முடியாது.

அடுத்து கண். அன்று தொகுப்பாளர் அக்காவுக்கு இடது கண்ணில் கண்கட்டி. பட்டாணி அளவு வீக்கம். மேக்கப்காரர் பவுடரை அப்ப அப்ப இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. ஷூட்டிங்கைத் தள்ளிவைக்க வழியில்லை. கட்டுப்பாட்டு அறையில் மானிட்டர் முன்னால் இருந்தவன் நான். முடியை அந்தப் பக்கம் இறக்கி விட்டால் தெரியாது என்று அவர் காதுக்கருவியில் சொன்னவனும் நான்தான். நீ வட்டம் போட்டுக் காட்டிய மர்மம் அவ்வளவுதான். மூன்றாம் நாள் கட்டி உடைந்துவிட்டது.

உன் வீடியோ உடையவில்லை. அலுவலக வாசலில் அவருடைய ஸ்கூட்டரை ஒருவன் மறித்து, "உன்னை எவ்வளவுக்கு வாங்கினாங்க?" என்று கேட்டிருக்கிறான். அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைக் கண்டால் ஒரு கண்ணைப் பொத்திக்கொள்கிறார்களாம். இப்போதெல்லாம் அக்கா முடியை ஒட்ட இழுத்து நாலு கிளிப் குத்திக்கொண்டு வருகிறார். குத்திவிடுவது அந்தக் குழந்தை. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அம்மாவை வெளியே விடுகிறாளாம்.

இதில் சந்தோஷப்பட்டவர் எங்கள் விளம்பரப் பிரிவு மேலாளர் ஒருவர்தான். உன் தயவில் பார்க்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அடுத்த முன்னோட்டத்தில் ஒரு முக்கோணத்தையும் ஒரு கண்ணையும் லேசாகத் தெரிகிற மாதிரி வை, தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்றார். வைத்தேன். எங்கள் சேனல் வேண்டுமென்றே வைத்த முதல் குறியீடு அது. வைக்க வைத்தவன் நீ. அதைப் பார்த்துவிட்டு, நான் அப்பவே சொன்னேனே என்று இன்னொரு வீடியோ போடுவாய், தெரியும். ஆனால் வாசலில் தகராறு மட்டும் நிர்வாகத்துக்கு வேண்டாம். மாதக் கடைசிக்குள் பேச்சு அடங்காவிட்டால் அக்காவை எடுத்துவிட்டு வேறு ஆள் போடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை அவர் என் மேசைக்கு வந்தார். "தம்பி, உனக்குத்தான் கம்ப்யூட்டர் நல்லாத் தெரியுமே. இதைப் போட்டவர் யாருன்னு பார்த்துச் சொல்ல முடியுமா? சண்டை போட இல்லப்பா. டாக்டர் சீட்டைக் காட்டணும், அவ்வளவுதான்" என்றார். பார்க்கிறேன் அக்கா என்றேன். வேறு என்ன சொல்வது, அது என் அண்ணன்தான் என்றா?

நீ ஏன் இப்படி ஆனாய் என்று எனக்குத் தெரியும். நாலு வருடம் முன்னால் இதே போட்டியின் முதல் சுற்றுக்கு வந்து காமிரா முன்னால் பாடினாய். என்னுடைய நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தாய். அப்புறம் மூன்று மாதம் குளிக்கப் போகும்போதுகூடப் போனைக் கொண்டுபோனாய். கடைசியில் ஒரு வரி வந்தது, தேர்வாகவில்லை என்று. உனக்குப் பின்னால் ஏதோ ஒரு கை வேலை செய்திருக்கிறது என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தவன், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாய்.

கை இருந்தது. என் கை.

அப்போது நான் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம். சர்வர் நிரம்பிவிட்டது, நடுவர்கள் பார்த்து முடித்த பதிவுகளை அழி என்றார்கள். ஃபோல்டர்களுக்குத் தேதிதான் பெயர். ஒருத்தர் நாள் எண்ணை முதலில் போடுவார், இன்னொருத்தர் மாத எண்ணை முதலில் போடுவார். நாலாம் மாதம் ஐந்தாம் தேதியை அழிக்க வேண்டியவன், ஐந்தாம் மாதம் நாலாம் தேதியை அழித்துவிட்டேன். அறுபத்து மூன்று பேர் பாடியது போயிற்று. அதில் நீ ஒருவன். உன்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணா. நீ பாடியதை யாரும் கேட்கவே இல்லை. அத்தனை பேருக்கும் ஒரே வரியை அனுப்பி முடி என்றார்கள். அதை அனுப்பியவனும் நான்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நடுவர்களை நானும் சேர்ந்து திட்டினேன்.

முதலில் வேலை போய்விடுமே என்று சொல்லவில்லை. பிறகு, இத்தனை நாள் சொல்லாததை எப்படிச் சொல்வது என்று சொல்லவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் செய். என் படத்தைப் போட்டு, சிவப்பு வட்டம் போட்டு ஒரு வீடியோ பண்ணு. இந்தத் தடவையாவது நீ சொல்வது உண்மையாக இருக்கும். அக்காவைப் பற்றியதை மட்டும் எடுத்துவிடு. அவர் கொடுத்த டாக்டர் சீட்டின் நகலை உள்ளே வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு உன்னையும் என்னையும் பற்றி அவரிடம் சொல்லிவிடுவேன். நான் அழித்ததை மீட்க முடியாது, எல்லா வழியும் பார்த்துவிட்டேன். நீ போட்டதை அழிக்க ஒரு நிமிடம் போதும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் வீடியோ என் போனில் ஓடியபோது அம்மா சமையலறையில் இருந்தாள். பெரியவன் குரல் மாதிரி இருக்கே, பாடறானா என்றாள். இல்லை, பேசறான் என்றேன். கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாடச் சொல்லுடா" என்றாள்.

சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் தம்பி